ராஜபாய் சோப்பு

அமிர்தா அந்தப் பட்டனைச் செய்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். முக்கால் மணி நேர வேலைதான். அதற்குப் பெயர் வைக்கத்தான் அவளும் சிபியும் அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

கேரள எல்லையோரத்தில், பாறசாலையில் ரயில் நிலையத்துக்குத் திரும்புகிற முக்கில், ஒரு உரக்கடையின் மாடியில் இருந்தது ஜெயதாஸ் சாரின் கம்ப்யூட்டர் சென்டர். கல்யாணக் கார்டு, சபையின் மாதப் பத்திரிகை, பஞ்சாயத்து நோட்டீஸ் என்று தமிழிலும் மலையாளத்திலும் அடித்துக் கொடுப்பதுதான் அங்கே தொழில். தொண்ணூற்று ஒன்பதாம் வருஷத் தொடக்கத்தில், ஷார்ஜாவில் வேலை பார்க்கிற இந்தப் பக்கத்து ஆட்களின் சங்கம் ஒன்று, ஊர்ச் செய்திகளை வாரம் ஒரு தடவை தமிழில் இன்டர்நெட்டில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டது. ஜெயதாஸ் சார் இன்டர்நெட்டை அதுவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார். இருந்தும் முடியும் என்று சொல்லிவிட்டு அமிர்தாவைக் கூப்பிட்டார்.

அமிர்தாவுக்கு இருபத்து மூன்று வயது. காரோட்டில் வீடு. திருவனந்தபுரத்தில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்திருந்தாள். ஒரு மாதம் உட்கார்ந்து அவளே ஒரு புரோகிராம் எழுதினாள். திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். அதில் செய்தியை அடிக்க வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் போன் லைனில் சேர்த்து 'அனுப்பு' என்று அழுத்தினால், அடித்ததெல்லாம் பக்கமாகி ஷார்ஜாக்காரர்கள் பார்க்கிற இடத்துக்குப் போய்விடும். பக்கத்துக்கு 'எல்லை மடல்' என்று பெயர் வைத்தார்கள்.

செய்தி அடிக்க வந்தவள் ராஜபாய். நாற்பத்தாறு வயது, குளத்தூர்க்காரி, சபையில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். இருபது வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த கை. அந்த வேகத்துக்கு நெய்யாற்றின்கரை தாலுக்காவில் ஆள் கிடையாது. ஆனால் அவள் பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் அவளுக்கு வீட்டுப் பேச்சிலிருந்தும் ஞாயிறு பள்ளியிலிருந்தும் பாட்டுப் புத்தகத்திலிருந்தும் கிடைத்தது. காதில் விழுந்தபடியே எழுதுவாள். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பாள். காதுக்குச் சரியாக இருந்தால் அவளுக்குச் சரிதான்.

முதலில் அந்தப் புரோகிராமில் பட்டன்களே இல்லை. ஒரு சொல்லைக் கொட்டை எழுத்தில் காட்ட வேண்டுமென்றால் அதற்கு முன்னும் பின்னும் குறிகள் அடிக்க வேண்டும். பின்குறியை மறந்தால் போச்சு. ஒரு வாரம் ராஜபாய் மறந்துபோனதில், காஞ்சிரங்குளத்துச் சந்தை நிலவரத்திலிருந்து மரண அறிவிப்பு வரைக்கும் பக்கம் முழுக்கக் கொட்டை எழுத்தாய்ப் போய்விட்டது.

"எனக்க கைக்கு இந்தக் குறியெல்லாம் வழங்காது மக்கா," என்றாள் ராஜபாய். "டைப்ரைட்டர்ல ஒரு கட்டைய அமுக்கினா ஒரு காரியம் நடக்கும். அதுபோல ஒண்ணு வச்சுத் தா."

அமிர்தா வெள்ளைக் கட்டத்துக்கு மேலே மூன்று பட்டன் வைத்துக் கொடுத்தாள். தலைப்புக்கு ஒன்று, கொட்டை எழுத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. ராஜபாய் இரண்டு நாள் அதை வைத்து வேலை செய்துவிட்டு மறுபடியும் வந்தாள்.

"மரிச்ச செய்தி வரும்போ நான் எப்பவும் அதே நாலு வரியத்தான் அடிக்கேன். பேரும் வயசும் மட்டும் மாறும். அதுக்கும் ஒரு பட்டன் வச்சா என்ன?"

புரோகிராம் எழுதிய அமிர்தாவுக்கு அது தோன்றவில்லை. அன்றைக்கே 'மரணம்' என்று ஒரு பட்டன் வந்தது. அமுக்கினால் நான்கு வரியும் வந்து விழும், பெயருக்கும் வயதுக்கும் இடம் விட்டிருக்கும். பிறகு 'கல்யாணம்', 'ஸ்தோத்திர ஆராதனை', 'வேலை கிடைத்தது' என்று ராஜபாய் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. மாடியேறி வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, அவள் ஒரு தடவை அமுக்கிக் காட்டாமல் விடமாட்டாள். "இது எங்க பிள்ள செய்ததாக்கும்," என்பாள். அமிர்தாவுக்குக் கூச்சமாகவும் இருக்கும், இன்னொருவர் வந்து கேட்க மாட்டாரா என்றும் இருக்கும்.

எல்லை மடலில் ஷார்ஜாக்காரர்கள் முதலில் தேடிப் பார்த்தது, 'வீட்டில இருந்து ஒரு வார்த்தை' என்ற பகுதியைத்தான். போன் இல்லாத வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து சென்டரில் உள்ள பெஞ்சில் உட்காருவார்கள். அங்கே இருக்கிற மகனுக்கோ கணவனுக்கோ நாலு வார்த்தை சொல்வார்கள். ராஜபாய் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு பிறகு கம்ப்யூட்டரில் அடிப்பாள். எப்படிச் சொன்னார்களோ அப்படியே. இடையில் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினால் அதை மட்டும் விட்டுவிடுவாள்.

ஏப்ரலில் சங்கத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. 'சென்ற வாரம் இரைவனடி சேர்ந்தார் என்று போட்டிருக்கிறீர்கள். இறைவனுக்கும் இரைக்கும் வித்தியாசம் இல்லையா? இதைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் தமிழ் படித்தால் விளங்குமா?' என்று எழுதியிருந்தார் ஒருவர்.

ஜெயதாஸ் சார் அமிர்தாவைத் தனியாகக் கூப்பிட்டார். "இனி ராஜபாய் அடிக்கது எல்லாம் உனக்க கண்ணுல பட்டிட்டுத்தான் போகணும். அவியகிட்ட ஒண்ணும் சொல்லண்டாம் கேட்டியா, மனசு நோவும்."

அப்படித்தான் அது தொடங்கியது, மனசு நோகக் கூடாது என்று.

வியாழக்கிழமை தோறும் ராஜபாய் அடித்து முடித்தபின் அமிர்தா தன் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து வரி வரியாகத் திருத்தினாள். ஒரு மணி நேரம் பிடித்தது. நாலைந்து வாரத்தில், திருத்துகிற சொற்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் விரல் சும்மா இருக்குமா? ஒரு பட்டியல் போட்டாள். இடப்பக்கம் ராஜபாயின் சொல், வலப்பக்கம் அச்சுத் தமிழ்ச் சொல். இரைவன் என்றால் இறைவன், மரைந்தார் என்றால் மறைந்தார். பட்டியல் வளர வளர எழுத்துப் பிழையோடு பேச்சும் உள்ளே வந்தது. வாறேன் என்றால் வருகிறேன். கழிஞ்சு என்றால் முடிந்தது. வரணும் என்றால் வர வேண்டும். அறுபத்திரண்டு சொற்கள். எல்லாவற்றையும் ஒரு பட்டனுக்குப் பின்னால் வைத்தாள். ஒரு தடவை அமுக்கினால் பக்கம் முழுக்க மாறி, ராஜபாய் அடித்ததன் மேலேயே பதிந்துவிடும். பட்டன் அமிர்தாவின் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது.

"இதுக்கு என்ன பேரு வைக்கப்போற?" என்று கேட்டான் சிபி. கல்யாணக் கார்டுக்குப் படம் வரைகிறவன். அமிர்தாவைவிட ஒரு வயது மூத்தவன், வாய் ஓயாது.

"திருத்துன்னு வைக்கலாம்."

"அது கொள்ளாது. அழுக்கத் தேச்சு வெளுப்பிக்கியதுக்கு என்ன பேரு?"

அவன் சொல்லவில்லை. பெயரை வாய்விட்டுச் சொன்னது அமிர்தாதான். சொன்னவுடன் இரண்டு பேரும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்கள். சிபி விரல்நக அளவுக்கு ஒரு சோப்புக் கட்டி வரைந்து, அதன்மேல் மூன்று நுரைக் குமிழியும் வைத்தான். அதைப் பட்டன்மேல் ஒட்டினாள் அமிர்தா. மவுஸைப் பட்டன்மேல் கொண்டுபோனால் மஞ்சள் கட்டத்தில் அதன் பெயர் வரும். அந்தக் கட்டத்தில் தமிழ் எழுத்து வராது என்பதால் ஆங்கில எழுத்தில் அடித்தாள்: ராஜபாய் சோப்.

திருவனந்தபுரத்தில் படித்தபோது அவளுடைய மலையாளத்தில் தமிழ் அடிக்கிறது என்று வகுப்பில் அவளைப் பாண்டி என்று கேலி செய்வார்கள். அவள் எழுந்து சந்தேகம் கேட்டால் பின்பெஞ்சில் ஒருத்தி அதே மாதிரி இழுத்துச் சொல்லிக் காட்டுவாள். அதனால் கடைசி மூன்று மாதம் அமிர்தா சந்தேகமே கேட்கவில்லை. இதெல்லாம் மறந்துபோன விஷயம் இல்லை. ஆனால் அன்றைக்கு மத்தியானம் அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

அதிலிருந்து வியாழக்கிழமை சாயங்காலம் சிபி, "சோப்பு போட்டாச்சா?" என்பான். "நல்லா நுரைஞ்சுது," என்பாள் அமிர்தா. ராஜபாய் அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு தடவை சிபி, "இந்த வாரம் அழுக்கு கூடுதல், சோப்பு தீந்திருக்குமே?" என்றான். மறுநாள் காலை ராஜபாய் பையிலிருந்து பழைய பேப்பரில் பொதிந்த துணிசோப்புக் கட்டி ஒன்றை எடுத்து, கைகழுவுகிற இடத்தில் வைத்தாள். "சோப்பு தீந்தாச்சுன்னு பேசிட்டிருந்தியளே. கேட்டுட்டு நான் எப்பிடிப் பேசாம இருக்க?" என்றாள். சிபி படிக்கட்டுக்கு ஓடிப்போய்ச் சிரித்தான். அமிர்தா வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. என்ன ஆச்சு மக்கா என்று ராஜபாய் கேட்டபோது, தூசி என்றாள்.

ஜூலையில் நல்ல மழை. அப்படியொரு புதன்கிழமை காலையில், காஞ்சிரங்குளத்திலிருந்து ஜின்சி வந்தாள். முப்பது வயதிருக்கும். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. கணவன் எலியா ஷார்ஜாவில் ஒரு கட்டிடக் கம்பெனியில் டிரைவர். எலியாவின் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துபோனதை முந்தைய வாரம் அவனுக்குப் போனில் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுச் செல்லையனின் போன் மழையில் செத்துப்போனது. அவன் அங்கே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறானோ என்று அவளுக்கு வெப்ராளம், ஒரே பதற்றம்.

அமிர்தா தன் இடத்திலிருந்தே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அம்மைக்கு ஆப்பரேஷன் கழிஞ்சுன்னு போடுங்க அக்கா. நல்லா இருக்காவ. கஞ்சி குடிக்காவ. நீங்க இப்பம் வரண்டாம். வேலைய விட்டிட்டு வரண்டாம்ன்னு போடுங்க. ரெண்டு தடவ போடுங்க, இல்லேன்னா அவிய கேக்க மாட்டாவ."

"ரெண்டு தடவயும் போடுகேன் மக்கா," என்றாள் ராஜபாய். எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். ஜின்சி தலையாட்டிவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் அமிர்தா சோப்பை அமுக்கினாள். மின்சாரம் போகிற மாதிரி விளக்கு மங்கிக்கொண்டிருந்தது. திரும்பப் படித்துப் பார்க்காமல் 'அனுப்பு' என்று அழுத்திவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்தாள்.

அதற்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எலியா மாடியேறி வந்தான். பின்னால் ஜின்சி. அவன் முகத்தில் நான்கு நாள் தாடி. கையில் எல்லை மடலை அச்சடித்த தாள், நான்காக மடித்து மடித்து மடிப்பு கிழிந்திருந்தது. அதை ஜெயதாஸ் சாரின் மேசையில் விரித்து வைத்தான்.

"படியுங்க சாரே."

சார் படித்தார். "அம்மாவுக்கு ஆப்பரேஷன் முடிந்தது. நன்றாக இருக்கிறார்கள். கஞ்சி குடிக்கிறார்கள். நீங்கள் இப்போது வர வேண்டும். வேலையை விட்டுவிட்டு வர வேண்டும்."

"நல்லா இருக்காவன்னு போட்டிட்டு, வேலைய விட்டிட்டு வரணும்ன்னு ரெண்டு தடவ போட்டா என்ன அர்த்தம்? அம்மை போயாச்சு, எனக்கிட்ட மறைக்கியாவன்னுதான் நெனச்சேன். பேச்சும் இவளுக்க பேச்சு இல்ல. வேற ஆரோ எழுதினதுபோல இருக்கு. போன் அடிச்சா போகல்ல. கம்பெனியில லீவு கேட்டேன், தரல்ல. விசாவ கேன்சல் செய்திட்டு வந்தேன்." அவன் குரல் உயரவில்லை. "ஏர்ப்போர்ட்டுல இருந்து வீடுவரைக்கும் மரிச்சதுக்குக் கட்டுகிய கறுப்புக் கொடி உண்டான்னு பாத்திட்டே வந்தேன். வீட்டுல வந்து கேறினா அம்மை கட்டில்ல இருந்து பப்படம் தின்னுட்டு இருக்காவ."

ஜின்சி ராஜபாயைப் பார்த்துக் கத்தினாள். "வரண்டாம்ன்னு தானே நான் சொன்னேன்? ரெண்டு தடவ சொன்னேனே! எழுதத் தெரியாதுன்னா நிங்களுக்கு இந்த வேல எதுக்கு? எட்டு வருஷம் நின்ன வேலையாக்கும்!"

ராஜபாய் நோட்டைக் கொண்டுவந்தாள். பக்கத்தைத் தேடி எடுத்து மேசையில் வைத்தாள். நோட்டில் வரண்டாம் என்றுதான் இருந்தது, இரண்டு தடவையும்.

"அப்ப அடிக்கும்போ பிழச்சாச்சு," என்றார் ஜெயதாஸ் சார். "கம்ப்யூட்டர்ல உள்ளத எடுத்துப் பாருங்க."

கம்ப்யூட்டரிலும் 'வர வேண்டும்' என்றுதான் இருந்தது. ராஜபாய் அடித்ததன் மேல் சோப்பு பதிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று ராஜபாய்க்கு எப்படித் தெரியும்? அவள் திரையைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். தான் அடித்த மாதிரியே இல்லையே என்று ஒரு கணம் அவள் புருவம் சுருங்கியதை அமிர்தா பார்த்தாள். பிறகு அந்தச் சுருக்கம் போய்விட்டது.

"எனக்க எழுத்து பிழ உள்ளதுன்னு எல்லாருக்கும் அறியாம்," என்றாள் ராஜபாய். எலியாவைப் பார்த்துக் கையைக் கூப்பினாள். "எனக்க கைதான் தம்பி. கண்ணு வேற ஓர்மையில போயிருக்கும். நீ பொறுத்துக்கணும்."

அமிர்தா நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். பட்டியலில் அந்த வரியை எழுதிய நேரம் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. வரணும் என்ற வரியை அடித்துவிட்டு, அதையே பிரதி எடுத்துக் கீழே போட்டு, இடப்பக்கத்தை வரண்டாம் என்று மாற்றினாள். அந்த நேரம் சிபி பழம்பொரி வாங்கிவந்து கூப்பிட்டான். வலப்பக்கத்தை 'வர வேண்டாம்' என்று மாற்றவில்லை. இப்போது எழுந்து நின்று நான்தான் என்று இரண்டு சொல் சொன்னால் போதும். அதைச் சொன்னால் அந்தப் பட்டனைக் காட்ட வேண்டும். அதைக் காட்டினால் அதன் படத்தையும் பெயரையும் காட்ட வேண்டும். சிபி அவளைப் பார்த்தான். அவள் கீபோர்டில் எழுத்துகளுக்கு இடையில் படிந்திருந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எலியாவும் ஜின்சியும் போய்விட்டார்கள். அந்தப் பகுதியை இனி நிறுத்திவிடலாம் என்றார் ஜெயதாஸ் சார். ராஜபாய் சரி என்றாள். மத்தியானம் அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

எல்லாரும் போனபின் அமிர்தா பட்டியலைத் திறந்தாள். நாற்பத்தோராவது வரி. அவள் நினைத்தபடியேதான் இருந்தது. அதைத் திருத்தினாள். அதோடு நிறுத்தியிருந்தால் அவளைப் பற்றி இன்னும் கொஞ்சம் நல்லதாகச் சொல்லலாம். அவள் சோப்புப் படத்தையும் அழித்தாள். மஞ்சள் கட்டத்தில் 'திருத்து' என்று ஆங்கில எழுத்தில் மாற்றினாள். மூன்று தடவை மவுஸைக் கொண்டுபோய் வைத்து, பழைய பெயர் எங்கும் வரவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் கம்ப்யூட்டரை அணைத்தாள்.

வீட்டில் அம்மா, "முகம் என்ன இப்பிடி இருக்கு? மேலு சுகமில்லேன்னா நாளைக்குப் போகண்டாம்," என்றாள். போகண்டாம், செய்யண்டாம், பேசண்டாம். பிறந்ததிலிருந்து கேட்கிற சொல். அமிர்தாவே ஒரு நாளில் ஐம்பது தடவை சொல்கிற சொல். அறுபத்திரண்டு வரியில் குறைந்தது நாற்பது வரி அம்மாவின் வாயிலிருந்து எடுத்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திங்கட்கிழமை காலை, ராஜபாய் வருவதற்கு முன், ஜெயதாஸ் சாரிடம் சொன்னாள். புரோகிராமில் ஒரு திருத்தப் பட்டன் வைத்திருந்ததையும், அதில் தான் செய்த பிழையையும் சொன்னாள். ராஜபாய் அடித்தது சரிதான் என்றாள். பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"வெள்ளியாழ்ச்ச நீ இஞ்சதானே இருந்த?" என்றார்.

"இருந்தேன் சார்."

"அவிய கை கூப்பினத பாத்த?"

"பாத்தேன்."

அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "ஏறு. முதல்ல அந்த வீட்டுக்குப் போவோம்."

காஞ்சிரங்குளத்தில் எலியா வீட்டு முற்றத்தில் நின்று அமிர்தா அதையே இன்னொரு தடவை சொன்னாள். எலியா தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து கேட்டான்.

"அம்மைய பாக்க முடிஞ்சுதே, வந்தது நல்லதாப் போச்சுன்னு நான் சொல்லணும்ன்னு நெனைக்காத," என்றான். "நல்லதாப் போகல்ல. புது விசாவுக்கு நான் இனி எத்தன பேருக்க வாசல்ல ஏறணும்ன்னு உனக்கு அறியாது." மறுபடியும் குனிந்துகொண்டான்.

ஜின்சிதான் முகம் வெளிறி நின்றாள். "அந்த அக்காவ நான் எல்லாருக்க முன்னாலயும் எழுதத் தெரியாதுன்னு பேசிப்போட்டேனே," என்றாள். உடனே செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அவர்கள் சென்டருக்குத் திரும்பியபோது அவளும் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டாள்.

ராஜபாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஜின்சி அழுதாள். ஜெயதாஸ் சார் விஷயத்தைச் சொன்னார். ராஜபாய்க்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் முகம் அப்படியே மலர்ந்தது. அதைத்தான் அமிர்தாவால் தாங்க முடியவில்லை.

"அப்பம் எனக்க கையில்லையா? ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்றாள். "மூணு நாளா நான் உறங்கல்ல மக்கா. கண்ணும் போச்சு, புத்தியும் போச்சுன்னு நெனச்சிட்டேன்." அமிர்தாவின் தோளைத் தொட்டாள். "பிழ யாருக்கும் வரும். நீ அழண்டாம். அது என்ன பட்டன்? எனக்கும் ஒண்ணு காட்டித் தா, எனக்க எழுத்த நானே திருத்துகேன்."

அமிர்தாவின் கம்ப்யூட்டர் இன்னும் போடப்படவில்லை. சிபியின் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மே மாதம் அமிர்தாவுக்கு அம்மை போட்டு இரண்டு வாரம் வராமல் இருந்தபோது அவளுடைய புரோகிராமைச் சிபி தன்னுடையதில் பிரதி எடுத்து வைத்திருந்தான். அமிர்தா அதை மறந்தே போயிருந்தாள். "இஞ்ச இருக்கு அக்கா," என்று சிபி உதவுகிற அவசரத்தில் அதைத் திறந்துவிட்டான். திறந்த பிறகுதான் அவனுக்கு ஓர்மை வந்தது. அதற்குள் ராஜபாய் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்துவிட்டாள்.

"இந்தப் படம் என்னது? சோப்பா?" என்று சிரித்தாள். மவுஸ் அதன்மேல் போய் நின்றது. மஞ்சள் கட்டம் வந்தது. எதையும் வாய்விட்டுத்தானே அவள் படிப்பாள். "ராஜபாய்…" என்று படித்தாள். "ராஜபாய் சோப்."

கீழே உரக்கடையில் யாரோ மூட்டையை இறக்கிப் போட்டார்கள். ஜின்சி ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தாள்.

"அப்பம் அந்தச் சோப்பு…" என்றாள் ராஜபாய். கைகழுவுகிற இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். கட்டி பாதி தேய்ந்து அங்கே இருந்தது. "நான் வாங்கிட்டு வந்தேனே. அன்னைக்கு உனக்க கண்ணுல தூசி இல்லையா?"

அமிர்தா இல்லை என்று தலையசைத்தாள். உடம்பு முழுக்கச் சுட்டது, காது மடல்வரை. ஜெயதாஸ் சார் சிபியை ஏதோ திட்டத் தொடங்கினார். ராஜபாய் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்தப் பட்டியல எனக்கு அச்சடிச்சுத் தரணும்," என்றாள்.

சிபி அச்சடித்துக் கொடுத்தான். மூன்று தாள். ராஜபாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்புப் பேனாவை எடுத்தாள். டைப்ரைட்டிங் பிள்ளைகளின் தாளைத் திருத்துகிற மாதிரி மேலிருந்து கீழே போனாள். ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"இரைவன். இது எனக்க பிழ. மரைந்தார். இதுவும் எனக்க பிழ." டிக் போட்டாள். "வாறேன். இது பிழ இல்ல, பேச்சு. கழிஞ்சு. பேச்சு. வரண்டாம்." அந்த இடத்தில் நின்று ஜின்சியைப் பார்த்தாள். "இது இவளுக்க பேச்சு. இத மாத்த எனக்கே அதிகாரம் இல்ல, உங்களுக்கு ஆரு தந்தது?"

உங்களுக்கு என்றாள். சிபியையும் சேர்த்துச் சொல்கிறாள் என்று அமிர்தா முதலில் நினைத்தாள். அப்படியில்லை. அறுபத்திரண்டு வரியும் முடித்து, தாளை அமிர்தாவிடம் நீட்டி, "பத்தொம்பது எனக்க பிழ. மிச்சத்த எடுத்துப் போடுங்க," என்றாள். அதுவரை நீ என்றும் மக்கா என்றும் கூப்பிட்ட வாய். அன்றையிலிருந்து நீங்க.

அமிர்தா நாற்பத்து மூன்று வரியை நீக்கினாள். மீதிப் பத்தொன்பதைத் தானாக மாற்றாமல் கோடிட்டுக் காட்டுகிற மாதிரி எழுதி, 'பிழை பார்' என்று பெயரிட்டு, ராஜபாயின் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். 'வீட்டில இருந்து ஒரு வார்த்தை'யை அந்தப் பட்டன் தொடவே முடியாதபடி செய்தாள். பகுதி மறுபடி தொடங்கியது. முதல் வாரமே, பிழைக்குக் காரணம் புரோகிராம் எழுதியவர், செய்தி அடித்தவர் அல்ல என்று ஒரு குறிப்பும் போட்டார்கள். அதை எழுதியது அமிர்தா. தன் பெயரையும் போட்டாள். ஷார்ஜாவிலிருந்து இரண்டு பேர் அவளைத் திட்டி எழுதினார்கள். அது அவளுக்கு ஆறுதலாகவே இருந்தது. எலியா நெய்யாற்றின்கரையில் ஒரு ஆட்டோவை வாடகைக்கு எடுத்து ஓட்டினான். சில நாள் காலையில் பஸ் நிலையத்துக்கு வெளியே அவன் நிற்பதை அமிர்தா பார்ப்பாள். அவன் பார்க்க மாட்டான்.

ராஜபாய் கோபம் காட்டவில்லை. வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. "இது கொஞ்சம் பாக்கியளா?" என்று கேட்பாள். பார்த்துக் கொடுத்தால் "நன்றி" என்பாள். மாடியேறி வருகிறவர்களுக்கு இப்போதும் பட்டன்களை அமுக்கிக் காட்டுவாள். யார் செய்தது என்று மட்டும் சொல்ல மாட்டாள். புதிய பட்டன் எதுவும் கேட்கவில்லை. கேட்க மாட்டாளா என்று அமிர்தா வாரா வாரம் காத்திருந்தாள்.

ஓணம் முடிந்து வந்த ஒரு புதன்கிழமை, சென்டரில் அவர்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்த நேரத்தில், அமிர்தா எழுந்துபோய் ராஜபாயின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"அக்கா, அந்தப் பேர வச்சது நான்தான். சிபி இல்ல. வெள்ளியாழ்ச்ச நிங்க கை கூப்பினப்போ எழும்பாம இருந்ததும், பேர அழிச்சிட்டு வந்து பாதி மட்டும் சொன்னதும் நான்தான். எனக்கு மன்னிப்பு தரணும்."

ராஜபாய் விரலை எழுத்துகளின் மேலிருந்து எடுத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நேராக அமிர்தாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க பிழ செய்ததுக்கு நான் அன்னைக்கே பொறுத்தாச்சு. பேசாம இருந்ததுக்கும் பொறுத்தாச்சு, பயந்திருப்பீங்க," என்றாள். "ஆனா நீங்க சிரிச்சியளே. நான் சோப்பு கொண்டுவந்து வச்சப்போ எனக்க முகத்த பாத்திட்டே சிரிச்சிய. அத என்ன செய்யணும்ன்னு எனக்கு இன்னும் தெரியல்ல பிள்ளே. ஜெபத்துலயும் கேட்டுப் பாத்தேன்."

அமிர்தா நின்றாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு ஒரு வயதான மனிதர் உள்ளே வந்து, மகனுக்கு ஒரு வார்த்தை போட வேண்டும், இங்கேதானா என்று கேட்டார். ராஜபாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டை இழுத்தாள்.

"இங்கதான். இருங்க. மகனுக்கு என்ன பேரு?"

அவர் சொல்லத் தொடங்கினார். அமிர்தா தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.